அடாப்டரைத் திருப்பிப் பார்க்காமல் ஆம்ப் வாங்காதீர்கள்

எனக்கு ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) விற்ற கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதனால்தான். நாகர்கோவிலில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, இதே சரக்கை இதே பேச்சோடு விற்க ஊர் ஊருக்கு ஆள் இருக்கிறது.

நான் தக்கலைப் பக்கம். பதினாறு வருடம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவன். அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் ஊரைக் காலி செய்யும்போது தன்னுடைய மேக்னபேன் ஸ்பீக்கர் ஜோடியைக் குறைந்த விலைக்கு என்னிடம் தந்தார். வீட்டுச் சாமானோடு கார்கோவில் வந்து சேர்ந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் பெட்டியும் கிடையாது, கோனும் கிடையாது. ஆள் உயரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய மைலார் (பிளாஸ்டிக்) படலம், அதன்மேல் ஒட்டிய அலுமினியப் பட்டைகள், பக்கத்தில் வரிசையாகக் காந்தங்கள். மின்சாரம் போகும்போது அந்தப் படலம் முழுதும் அசைந்து முன்னாலும் பின்னாலும் சத்தம் தருகிறது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜிம் வைனி என்பவர் தொடங்கிய கம்பெனி, இன்றைக்கும் இதைத்தான் செய்கிறது. இரண்டையும் ஹாலில் நிறுத்தியதும் என் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவு ரெண்டும் வந்தாச்சு, நிலை எப்ப வரும்?" என்று கேட்டாள்.

நிலை வரவில்லை. ஆம்ப் வாங்கப் போனேன். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயம். பஸ்ஸில் போனால் நெரிசல் என்று பைக்கிலேயே போனேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் நிறைய "அண்ணே". ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் என்று சொன்னேன். "4 ஓம்னா உங்களுக்கு லாபம்ணே, வாட் ரெட்டிப்பாக் கிடைக்கும்" என்றார். எடுத்து வைத்த பெட்டி பார்க்க அழகு. முன்னால் இரண்டு குட்டி வால்வுகள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழல்) மஞ்சளாக ஒளிர்கின்றன, ஊசி மீட்டர் இரண்டு ஆடுகிறது, தடித்த அலுமினிய முகப்பில் '300+300' என்று, அதாவது ஒரு பக்கத்துக்கு 300 வாட் என்று, செதுக்கியிருக்கிறது. "ட்யூப் ஆம்ப்ணே" என்றார், வால்வே ஸ்பீக்கரை ஓட்டுகிறது என்ற அர்த்தத்தில். அந்த வால்வுகளுக்கும் ஸ்பீக்கரைத் தள்ளுவதற்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே தள்ளுவது கிளாஸ் டி என்ற வகை ஆம்ப் சிப். வால்வு இருப்பது அந்தச் சிப்புக்கு முன்னால் சிக்னல் வந்து நுழையும் பகுதியில், முக்கால்வாசி அலங்காரத்துக்கு.

விலை 42,000 சொன்னார், 40,000க்கு முடிந்தது. "ஜிஎஸ்டி பில் வேணும்னா 18 பர்சென்ட் கூடும்ணே" என்றார். 7,200 ரூபாய் மிச்சம் என்று நினைத்து, ஒரு எஸ்டிமேட் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பணத்தை அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபே செய்தேன். இந்த ஒரு வரியில் நான் செய்த முட்டாள்தனம் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். மெதுவாக வைத்து வயலின், வீணை என்று கேட்டேன். பாடுபவர் ஹாலிலேயே நிற்கிறார் போலிருந்தது, அது இந்த ஸ்பீக்கரின் குணம். மூன்றாம் நாள் ஒரு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு. நாதஸ்வரம் வரைக்கும் சரி. தவில்காரர் தனியாக எடுத்து ஒரு தீர்மானம் (அடித்து முடிக்கும் முடிப்பு) வைத்தார் பாருங்கள், 'டுக்' என்று மொத்தமும் அணைந்து, ஒரு நொடி கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி தவில், மறுபடி 'டுக்'. சத்தத்தைக் குறைத்தால் அணையவில்லை. ஆனால் தவில் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்டது.

கடைக்குப் போன் செய்தேன். "ஸ்பீக்கர் பழசுல்லாண்ணே" என்றார். அப்புறம் ஒரு பையனை அனுப்பினார். அவன் வருவதற்குள் வலது பக்க ஸ்பீக்கரில் ட்வீட்டரின் (மேல் ஸ்தாயியைத் தரும் பகுதியின்) ஃப்யூஸ் போய்விட்டிருந்தது. பின்பக்கத் தகட்டில் சின்னக் கண்ணாடி ஃப்யூஸ் ஒன்று உண்டு, அந்த மெல்லிய பட்டைகளைக் காப்பாற்றத்தான். பையன் அதைக் கழற்றினான். சிகரெட் பாக்கெட்டிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்தான், ஃப்யூஸைச் சுற்றினான், திரும்ப மாட்டினான். "இது சும்மா தடைதான் சார், இல்லேன்னா சவுண்டு இன்னும் கிளியரா வரும்." நம் வீட்டு ஃப்யூஸ் கட்டையில் செப்புக்கம்பியைச் சுற்றும் அதே கை. நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை. "இப்ப பாருங்க" என்று வால்யூமை முக்காலுக்கு ஏற்றினான். இருபது முப்பது நொடி இருக்கும். கருகிய பசை வாடை வந்தது. வலது பக்கம் மேல் ஸ்தாயி மொத்தமும் போயிற்று.

பிறகு கடைக்காரருக்கு நான் அண்ணன் இல்லை, "நீங்க" மட்டும்தான். பிறகு அதுவும் இல்லை, போனை எடுக்கவே இல்லை.

விஷயத்தை உடைத்தது என் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். பெட்டியை அவன் தொடவே இல்லை. சுவரோரம் கிடந்த கறுப்பு அடாப்டரை எடுத்துத் திருப்பினான். "மாமா, 32 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்குங்க." 160. "இதுக்கு உள்ள போறதே மொத்தம் 160 வாட்தான். இதுல 600 வாட் எப்படி மாமா வெளிய வரும்?"

ஆழாக்கில் அளந்து ஊற்றிய அரிசியை மரக்காலில் அளந்து எடுக்க முடியுமா? இதுதான் மொத்தக் கதையும். கிளாஸ் டி ஆம்ப் சிக்கனமானது, உள்ளே போவதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை வெளியே தரும். அப்படியே வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்து 144, ஒரு பக்கத்துக்கு 72 வாட். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் கணநேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தால் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்து அணைந்து எழும். அந்த 'டுக்' அதுதான்.

300 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. உள்ளே இருப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3255 சிப். நல்ல சிப். 4 ஓமில் சேனலுக்கு (ஒரு பக்கத்துக்கு) 315 வாட் என்று அதன் தகவல் ஏட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது 50 வோல்ட்டுக்கு மேல் சப்ளை கொடுத்து, 10 சதவீத டிஸ்டார்ஷனை (ஒலிச் சிதைவை) ஏற்றுக்கொண்டால். சிப்பின் எண்ணை எடுத்துப் பெட்டியில் செதுக்கிவிட்டு, பாதிக்கும் குறைவான அடாப்டரைக் கையில் கொடுக்கிறார்கள். அதனால் கிளாஸ் டி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இதே சிப்புக்கு 48 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளை இருந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, 72 வாட் என்ன குறைச்சல், வீட்டுக்குப் போதாதா என்று கேட்பீர்கள். பெட்டி ஸ்பீக்கருக்கு ஏராளம். என்னுடையது போன்ற படல ஸ்பீக்கருக்கு, அதாவது பேனலுக்குப் போதாது. என் ஸ்பீக்கரின் கணக்கு 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல். இந்த 2.83 வோல்ட் 8 ஓமில் ஒரு வாட், 4 ஓமில் இரண்டு வாட். ஆக இரண்டு வாட் கொடுத்தால்தான் 86. பத்து டெசிபல் ஏற ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு வாட் வேண்டும்: 20 வாட்டில் 96, 200 வாட்டில் 106. ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் அதே 106ஐ 40 வாட்டில் தொட்டுவிடும். மெதுவாகக் கேட்கும்போது இரண்டு மூன்று வாட்தான் செலவு, அதனால்தான் முதல் இரண்டு நாள் சொர்க்கம். தவில் அடி சராசரிச் சத்தத்தைவிடப் பத்து, பதினைந்து டெசிபல் மேலே எகிறும். அந்த ஓர் அடிக்குப் பத்திலிருந்து முப்பது மடங்கு வாட் கையிருப்பில் இருக்க வேண்டும்.

கடைக்காரர் மைக் செட் குடும்பத்தில் வந்தவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் பேச்சின் ஒரு பகுதி அங்கிருந்து வந்திருக்கலாம். தென்னை மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே 105 டெசிபலுக்கு மேல் கத்தும். முப்பது வாட்டில் திங்கள்சந்தை முழுக்கக் கேட்கும். அந்தக் காதுக்கு 70 வாட் என்பது மலை. ஆனால் எஸ்டிமேட் சீட்டும் சொந்த நம்பரும் மைக் செட்டிலிருந்து வந்தவை இல்லை.

ட்வீட்டர் ஏன் எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை என்ன செய்துவிடும்' என்று நானும் நினைத்தவன். ஆம்ப் தன் எல்லையை முட்டியதும் அலையின் தலை மழுங்கிச் சப்பையாகிறது. முழுக்கச் சதுரமாகிவிட்டால், அதே உயரத்தில் இருந்த ஒழுங்கான அலையைப்போல் இரண்டு மடங்கு வாட் வெளியே போகும். மழுங்கின ஓரங்களிலிருந்து புதிதாகப் பிறப்பதெல்லாம் மேல் ஸ்தாயி. அதோடு, பேஸ் (கீழ் ஸ்தாயி) முட்டி நின்ற பிறகும் வால்யூமைத் திருகத் திருகப் பாட்டின் மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் போய் விழுவது அந்த மெல்லிய அலுமினியப் பட்டையில். காப்பாற்ற இருந்த ஃப்யூஸிலோ சிகரெட் தாள்.

ரிப்பேருக்கு இந்தப் பக்கம் ஆள் கிடைக்கவில்லை. லாரி பார்சலில் பெங்களூருக்கு அனுப்பினேன். பேக்கிங் பெட்டி அடிக்க ஆசாரிக்கு 3,500, போக வர பார்சல், பட்டையை மாற்றி ஒட்டிய கூலி எல்லாம் சேர்த்து 27,000 ஆயிற்று. இரண்டரை மாதம் ஹாலில் ஒற்றைக் கதவு.

அடுத்த ஆம்ப் வாங்கும்போது ஆள் மாறிவிட்டேன். ஒரு கடையில் ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றைக் காட்டி 150 வாட் என்றார்கள். கையேட்டைக் கேட்டேன். 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே ஸ்தாயியில், ஒரே ஒரு சேனல் ஓடும்போது மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. "4 ஓம் சுவிட்ச் இருக்கு சார்" என்றார்கள். பல ரிசீவர்களில் அந்த சுவிட்ச் செய்வது வோல்ட்டேஜைக் குறைப்பதுதான். சூடு ஏறாது, பலமும் வராது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் பழைய இன்டக்ரேட்டட் ஆம்ப் கிடைத்தது. கையேட்டில் 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 180 வாட், இரண்டு சேனலும் ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று தெளிவாக இருந்தது. 8லிருந்து 4க்கு இறங்கும்போது வாட் இரட்டிப்புக்குப் பக்கத்தில் ஏறுகிறதா என்பதுதான் நான் பார்த்தது. ஏறினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் 4 ஓம் லாபம் என்று சொன்னாரே, அது பொய்யில்லை, பின்னால் மின்சாரம் இருந்தால் மட்டும். ஸ்பீக்கரையே காரில் ஏற்றிக்கொண்டுபோய், அந்தத் தவில் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடக்க முடியாமல் இரண்டு ஆம்பையும் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் வைத்தேன். திருவனந்தபுரத்துப் பழையது 18 கிலோ. '300+300' அடாப்டரோடு சேர்த்து மூன்று கிலோகூட இல்லை. எடை மட்டும் சாட்சி ஆகாது என்று அக்கா மகன் கோபித்தான், கிளாஸ் டியில் அது உண்மையும்கூட. ஆனாலும் தராசு முள்ளைப் பார்க்க மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் வோல்ட்டேஜ் 190க்கு இறங்கும். அப்போது இந்த மாதிரி ஆம்பின் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும், கணக்கு வோல்ட்டேஜின் வர்க்கத்தில் போகிறது. நான் ஸ்டெபிலைசர் போட்டுவிட்டேன்.

அப்புறம், பேனல் என்றாலே பெரிய ஆம்ப் என்று மொத்தமாக எடுத்துக்கொண்டும் போய்விடாதீர்கள். நான் சொல்வது காந்தம் வைத்த பேனலுக்கு. குவாட் கம்பெனியின் 1957ஆம் வருட எலெக்ட்ரோஸ்டேடிக் (காந்தம் இல்லாமல் உயர் வோல்ட்டேஜால் படலத்தை அசைக்கும்) ஸ்பீக்கர் அவர்களுடைய 15 வாட் வால்வு ஆம்போடு பாடியது. அதற்குப் போய் 200 வாட்டைக் கொடுத்தால் உள்ளே பொறி பறந்து பேனல் ஓட்டையாகும். ஸ்பீக்கரின் கையேடு சொல்வதுதான் கணக்கு.

புகார் விஷயம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை பதில் தரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதினேன். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆன்லைனிலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பில் இல்லாததுதான் என் பக்கத்து ஓட்டை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய '300+300 ஆர்.எம்.எஸ். கேரண்டிண்ணே' (தொடர்ந்து அத்தனை வாட் வரும் என்று அர்த்தம்) என்ற செய்தி, வெள்ளித்தாள் சுற்றிய ஃப்யூஸின் படம், இவற்றை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 7,200 ரூபாய் மிச்சம் பிடித்தவனுக்கு இதுவரை போனது 67,000.

அந்த '300+300' பெட்டியைச் சாட்சிப் பொருள் என்பதால் விற்க முடியாது. மகளின் மேசையில் இருக்கிறது, இரண்டு சின்னப் பெட்டி ஸ்பீக்கரோடு. அங்கே நன்றாகவே பாடுகிறது. வேறு ஸ்டிக்கர் ஒட்டி இதே பெட்டியை ஆன்லைனில் 9,500க்கு விற்கிறார்கள்.