வெளிநாட்டில் ஒரு மாலை பின்போல் ஆட: எந்த வழியில் இடம் தேடுவது?

கொழும்பில் பின்போலில், அதாவது சரிவான பலகையில் உருளும் பந்தை ஃபிளிப்பர் என்ற இரண்டு சிறு கைகளால் அடித்து ஆடும் மெஷின் விளையாட்டில், மனம் போனவர்களில் அநேகர் அதைத் திரையில்தான் பழகியிருப்பார்கள். சென் ஸ்டூடியோஸ் 2018இல் வில்லியம்ஸ் கம்பனியின் பழைய மெஷின்களைத் தன் பின்போல் எஃப்எக்ஸ் விளையாட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கியது. அன்றிலிருந்து மெடீவல் மேட்னஸின் கோட்டைக் கதவையும் அட்டாக் ஃப்ரம் மார்ஸின் பறக்கும் தட்டையும் வெள்ளவத்தை பிளாட் ஒன்றில் இருந்தபடியே அடித்துப் பழகலாம். ஆனால் 80 கிராம் உருக்குப் பந்து கண்ணாடிக்குக் கீழே உண்மையாக உருளும் மெஷினின் முன்னால் நிற்பதற்கு, லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் பயணம்தான் பெரும்பாலும் வழிவிடும்.

கலியாணம், கோயில், சாமான் வாங்கல் எல்லாம் போக அந்தப் பயணத்தில் பின்போலுக்கு மிஞ்சுவது ஒரு மாலை, கூடிப்போனால் இரண்டு. அதை எங்கே கழிப்பது என்று தேட நான்கு வழிகள் உண்டு: கூகுள் மேப்ஸ், பின்போல் மெஷின் செய்யும் ஸ்டேர்ன் கம்பனியின் செயலி, போட்டிக் காலண்டர், மெஷின்கள் நிற்கும் இடங்களைக் காட்டும் பின்போல் மேப் என்ற செயலி. நான் சாய்வது கடைசியாகச் சொன்னதன் பக்கம். மற்ற மூன்றுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் துணைக்குத்தான். இங்கே சொல்வதை ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களுக்குப் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிய நகரங்களில் பதிவு போடுகிறவர்கள் குறைவு. அங்கே எந்த வழியில் தேடினாலும் கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டியிருக்கும்.

கூகுளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. திறக்கும் நேரம், போகும் பாதை, தொலைபேசி இலக்கம் மூன்றுக்கும் அதைவிட நல்லது கிடையாது. ஆனால் பின்போல் என்று தேடினால் பெயரிலேயே அந்தச் சொல் உள்ள இடங்களும் பெரிய ஆர்கேட்களும் (விளையாட்டு மெஷின் கூடங்கள்)தான் முன்னுக்கு வரும். மூலைப் பப் ஒன்றில் கழிவறைக்குப் போகும் வழியில் நிற்கிற இரண்டு நல்ல மெஷின்கள் அகப்படாது. விமர்சனம் எழுதுகிறவர்கள் பியரையும் பர்கரையும் பற்றி எழுதுவார்கள். எந்த மெஷின் நிற்கிறது, அது ஆடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பது தெரியவராது. பாரிஸ், பெர்லின், ரோம் போகிறவர்கள் ஃபிளிப்பர் என்றும் தேடிப் பார்க்க வேண்டும். அங்கெல்லாம் விளையாட்டையே அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்.

ஸ்டேர்ன் கம்பனி 2021இல் இன்சைடர் கனெக்டட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. போனில் உள்ள கியூஆர் குறியை மெஷினுக்குக் காட்டினால் உங்கள் புள்ளிகள் உங்கள் கணக்கில் சேரும். இப்படி இணைத்த மெஷின்கள் எங்கே இருக்கின்றன என்று தேடவும் முடியும். காட்சில்லா போன்ற புதிய ஸ்டேர்ன் மெஷின்களை மட்டும் ஆட விரும்புகிறவருக்கு இது போதும். மெஷினை இணையத்தில் இணைத்து வைக்கிற உரிமையாளர் பராமரிப்பிலும் கொஞ்சம் அக்கறையுள்ளவராக இருப்பார் என்று ஊகிக்கலாம். அது ஊகம்தான். குறை என்னவென்றால், மற்றக் கம்பனிகளின் மெஷின்கள் இதில் வரமாட்டா. மெடீவல் மேட்னஸ் 1997இல் வில்லியம்ஸ் செய்தது, அந்தக் கம்பனி 1999இல் பின்போலையே கைவிட்டது. திரையில் பழகிய மெஷினைத் தேடிப் போகிற நம்மவருக்கு இந்தச் செயலி அரைவாசி வரைபடத்தைத்தான் காட்டும்.

போட்டிக் காலண்டர் என்பது ஐஎஃப்பிஏ என்ற சர்வதேச அமைப்பின் தளத்தில் இருப்பது. நாடு, நகரம், திகதி வாரியாகப் போட்டிகள் வரும். இதை நான் மதிக்கக் காரணம் உண்டு: போட்டி நடத்துகிறவர்கள் அதற்கு முன்னர் மெஷின்களைத் திருத்தி, துடைத்து, ரப்பர் மாற்றி வைப்பார்கள். அந்த நகரத்தின் எல்லா மெஷின்களையும் பற்றித் தெரிந்தவர்களும் அங்கேதான் நிற்பார்கள். ஆனால் போட்டி நேரத்தில் வெளியாட்கள் தொட முடியாது. பதிந்து ஆடினாலும், மூன்று தோல்வியில் வெளியே என்ற முறையில் நடந்தால் புதியவர் மூன்று ஆட்டத்தோடு ஒதுங்க நேரும். இருக்கிற ஒரே மாலையை அதற்குக் கொடுப்பது நட்டம். போட்டி நடக்கும் இடத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, போட்டி இல்லாத அடுத்த நாள் போவதே இந்தக் காலண்டரின் சரியான பயன்.

இனி பின்போல் மேப். 2008இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் தொடங்கியது, இலவசம், ஆடுகிறவர்களே பதிவு போட்டுப் பராமரிப்பது. பார்ப்பதற்குக் கணக்குத் தேவையில்லை. ஓர் இடத்தைத் தொட்டால் அங்கே நிற்கும் மெஷின்களின் பெயர், கம்பனி, ஆண்டு எல்லாம் வரும். ஒரு மெஷினின் பெயரைக் கொடுத்து, அது எங்கே நிற்கிறது என்று தேடலாம். இந்த ஒரு வசதிக்காகவே அதைப் போனில் வைத்திருக்கலாம். பெயர் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மெடீவல் மேட்னஸை சிக்காகோ கேமிங் என்ற கம்பனி 2015இல் மறுபடி செய்து வெளியிட்டது. மறுபதிப்பு தனிப் பெயரில் வரும், இரண்டையும் தேட வேண்டும். ஸ்டேர்ன் மெஷின்களும் ப்ரோ, ப்ரீமியம், எல்ஈ என்று பதிப்பு வாரியாக வெவ்வேறாகப் பதிவாகியிருக்கும். ஒன்றை மட்டும் தேடிவிட்டு அந்த நகரத்தில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இந்த வழியை மற்றவற்றுக்கு மேலே வைப்பதற்கு முக்கிய காரணம், இடத்தின் பக்கத்தில் தெரியும் ‘கடைசியாகப் புதுப்பித்த திகதி’. பயணிக்கு இதைவிடப் பெறுமதியான தகவல் எதுவுமில்லை.

காரணம் இதுதான். பப்பிலோ கடையிலோ நிற்கும் மெஷின் அநேகமாக அந்தக் கடைக்காரருடையது அல்ல. மெஷின்களைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவர் கொண்டுவந்து நிறுத்தி, சேரும் காசைக் கடைக்காரரோடு பங்குபோடுவார். வருமானம் குறைந்தால் வேறிடத்துக்கு மாற்றுவார், பழுதானால் பட்டறைக்குக் கொண்டுபோவார், நல்ல விலை வந்தால் விற்றுவிடுவார். 1990களின் பெயர்பெற்ற வில்லியம்ஸ் மெஷின்கள் இன்று பல ஆயிரம் டொலருக்குப் போகின்றன. வீட்டில் சேர்க்கிறவர்கள் வாங்கத் தயாராக நிற்கிறார்கள். ஆகவே நீங்கள் ஆசையோடு தேடுகிற மெஷின்தான் பொது இடத்திலிருந்து எளிதில் மறையக்கூடியது. ஸ்காபரோவில் தங்கியிருக்கிறவர் ரொறன்ரோ நகர மையத்துக்குப் பஸ்ஸும் சுரங்க ரயிலுமாகப் போய்வர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அவ்வளவு தூரம் போய், மெஷின் நின்ற இடத்தில் மேசை கதிரை போட்டிருப்பதைக் கண்டால் அந்த மாலை போனதுதான்.

நான் பின்பற்றச் சொல்லும் கணக்கு: ஒரு மாதத்துக்குள் புதுப்பித்திருந்தால் நம்பிப் போகலாம். மூன்று மாதம் வரையென்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபது மெஷினுக்கு மேலுள்ள ஆர்கேட் என்றால் கொஞ்சம் தளர்த்தலாம், இரண்டு போயிருந்தாலும் பதினெட்டு இருக்கும். ஒற்றை மெஷின் நிற்கும் பப்புக்குத் தளர்த்தவே கூடாது. தொலைபேசியில் “பின்போல் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் வேலை செய்யும் பிள்ளை ஆம் என்று சொல்லிவிடும். “மெடீவல் மேட்னஸ் நிற்கிறதா, இன்று இரவு ஆடலாமா?” என்று பெயர் சொல்லிக் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள்.

திகதிக்கு அடுத்தது, ஒவ்வொரு மெஷினுக்கும் கீழே ஆடியவர்கள் எழுதும் நிலைக் குறிப்பு. எல்லாக் குறைகளும் ஒரே பாரம் உடையவை அல்ல. இரண்டு விளக்கு எரியவில்லை, பின்கண்ணாடி மங்கல் என்றால் பொருட்படுத்த வேண்டாம். இடது ஃபிளிப்பர் பலமில்லை என்று இருந்தால் அது பெரிய விஷயம். பந்தை அடிக்கும் அந்தக் கைக்குக் கீழே, பலகையின் அடியில், ஒரு கொயிலும் (மின்காந்தச் சுருள்) அதற்குள் ஓடும் இரும்புத் தண்டும் இருக்கின்றன. தண்டு ஓடும் பிளாஸ்டிக் குழாயில் அழுக்கு ஏறினாலோ, முட்டி நிற்கும் இரும்புத் துண்டு தேய்ந்தாலோ, இணைப்பு ஆணி தளர்ந்தாலோ அடி பாதியாகிவிடும். பந்து ராம்பின் (மேலே ஏறும் சரிவுப் பாதை) நடுவரை ஏறித் திரும்பி வரும். ராம்ப் ஏறாவிட்டால் அந்த மெஷினின் பெரிய கட்டங்கள் எதையும் தொட முடியாது. மூன்று பந்தும் அடிவாரத்திலேயே கழியும். பந்து பட வேண்டிய ஓர் இலக்கு வேலை செய்யவில்லை என்ற குறிப்பு இரண்டுக்கும் நடுவில். 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த மெஷின்கள் பல, பழுதான சுவிட்சைத் தாங்களே கண்டுபிடித்து ஓரளவு ஈடுகட்டும்.

குறிப்புகளின் திகதியையும் வரிசையாகப் பாருங்கள். ஒரே குறையை மூன்று பேர் மூன்று மாதத்தில் எழுதியிருந்தால் அங்கே திருத்துகிற பாஸ் எட்டிப் பார்ப்பதில்லை என்று பொருள். “வலது ஃபிளிப்பர் மெலிவு” என்று ஒருவர் எழுதி, நாலு நாளில் “சரிசெய்தாயிற்று” என்று இன்னொரு குறிப்பு வந்திருந்தால், மெஷின் உரிமையாளர் இதை வாசிக்கிறார். இரண்டு இடங்களில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தால், குறிப்பே இல்லாத பளபளப்பான ஆர்கேட்டைவிட, முறைப்பாடும் திருத்தமும் மாறி மாறி வந்திருக்கும் பழைய பப்பையே தெரிவேன்.

இட வகையையும் இதிலேயே வடிகட்டலாம். நுழைவுக் கட்டணம் ஒருமுறை கட்டிவிட்டு விரும்பியபடி ஆடும் அருங்காட்சியகங்களை, பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் அலமீடாவில் உள்ள பசிபிக் பின்போல் மியூசியமும், புடாபெஸ்டில் நிலக்கீழ்த் தளத்தில் உள்ள ஃபிளிப்பர் மியூசியமும் இந்த வகை. லாஸ் வேகஸின் பின்போல் ஹோல் ஒஃப் ஃபேம் வேறு மாதிரி: நுழைய இலவசம், ஆடுவதற்குக் காசு போட வேண்டும். அமெரிக்காவில் புதிய மெஷினில் ஓர் ஆட்டம் பெரும்பாலும் 1 டொலர். புதியவரின் ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படியானால் மணிக்கு 20 டொலர். ரூபாயில் உழைத்துவிட்டுப் போகிறவருக்கு ஒற்றைக் கட்டணம் எவ்வளவு நிம்மதி என்று விளங்கும். மெஷின்கள் அந்த இடத்தின் சொந்தம் என்பதால் திடீரென்று மறைவதும் குறைவு. பப் என்றால் வயதுக் கட்டுப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுவுக்கான வயது அமெரிக்காவில் 21, ஒன்ராறியோவில் 19, பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 18. பகலில் பிள்ளைகளை விடும் இடமும் இரவில் விடாது.

போய்ச் சேர்ந்த பிறகு காசு போடுமுன் ஒரு நிமிடம் மெஷினைப் பாருங்கள். இரண்டு ஃபிளிப்பரும் ஓய்வில் ஒரே சரிவில் படுத்திருக்க வேண்டும், ஒன்று தொங்கினால் உள்ளே எதுவோ தளர்ந்திருக்கிறது. பந்து ஓடும் வழிகளில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் துடைத்துக் கனகாலம், பந்து மெதுவாக ஓடும். 1990களின் வில்லியம்ஸ், பாலி மெஷின் என்றால் மெஷினின் திரையில், மிச்சமுள்ள ஆட்டங்களைச் சொல்லும் கிரெடிட் எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறிய புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். மெஷின் தன் சுவிட்ச் ஒன்றில் பழுது கண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. புள்ளி இருந்தாலும் ஆடலாம், ஆனால் மூன்று ஆட்டத்துக்குச் சேர்த்துக் காசு போடாமல் ஒன்றுக்கு மட்டும் போடுங்கள். பந்து எங்காவது சிக்கினால் கைவிட்டு நில்லுங்கள். சில விநாடியில் மெஷின் தானே எல்லாக் கொயிலையும் உதறித் தேடும். அதற்குமுன் உலுக்கினால் உள்ளே தொங்கும் குண்டு வளையத்தில் தொட்டு டில்ட் ஆகி, பந்து பறிபோகும். தேடியும் வராவிட்டால் சாவி வைத்திருக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

கிளம்புமுன், மெஷின்கள் பட்டியலில் உள்ளபடியே நின்றால் அதை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்திவிடுங்கள். இதற்கும் குறிப்பு எழுதுவதற்கும் கணக்கு வேண்டும், கொழும்பிலேயே திறந்துவைத்துக்கொண்டு போகலாம். குறை கண்டிருந்தால் எந்த மெஷின், எந்தப் பக்கம், என்ன செய்யவில்லை என்று ஒரே வரியில் எழுதினால் போதும். திகதியை அது தானாகப் போட்டுக்கொள்ளும்.