முரட்டு முகங்கள் இரண்டு: புரோன்சனா, மார்வினா?

பழைய ஹொலிவூட் நடிகர்களான இந்த இருவரில் யார் பெரியவர் என்ற வழக்கு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஓய்வதில்லை. பெரியப்பா சார்ல்ஸ் புரோன்சன் கட்சி. புரோன்சன் 1921இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்து நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். அந்தக் கரி முகத்தைவிட்டுப் போகவேயில்லை என்பார். தொலைக்காட்சித் தொடரில் கமெராவும் கையுமாக அலைந்த அவரை, ஹொலிவூட்டுக்கு முன்பே ஐரோப்பா தலையில் தூக்கிவைத்தது. அமெரிக்காவில் உச்சத்தைத் தொட்டபோது ஐம்பது தாண்டிவிட்டது.

நான் லீ மார்வின் பக்கம். 1944இல் பசிபிக் கடலின் சாய்பன் தீவுப் போரில் காயம்பட்டவர். தொலைக்காட்சியில் பொலிஸ், சினிமாவில் பெரும்பாலும் வில்லன். குடிகாரத் துப்பாக்கி வீரனாகச் சிரிக்கவைத்து, 1966இல் ஒஸ்கார் வாங்கினார். புரோன்சனுக்கு அது கிட்டவேயில்லை.

1967இல் இருவரும் ஒரே போர்ப்படத்தில் நடித்தார்கள். அதில் பேசாமல் நிற்கும் புரோன்சன்மீதுதான் என் கண் போகிறது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லமாட்டேன்.