சொல்லைப் பிரித்துக் காட்ட எது ஏற்றது: ஸ்கிராட்ச்சா, ஸ்டாப் மோஷனா?

காரைக்குடி வட்டாரப் பள்ளியொன்றில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் தம் பெயரையும் ஊரையும் சொல்விளையாட்டோடு அறிமுகப்படுத்தும் இருபது விநாடி அசைவுப்படம் செய்ய, கட்டளைகளைக் கட்டங்களாக அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளையும், கைப்பேசியில் படம்படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷனையும் பயன்படுத்திப் பார்த்தபின், இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

செலவில் பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். ஸ்டாப் மோஷனுக்கும் இலவசச் செயலிகள் உண்டு. இணையம் இல்லாமலும் இரண்டிலும் வேலை செய்யலாம்.

முடிவைத் தீர்மானித்தது தமிழ் எழுத்துதான். தாமரை என்பதைத் தா, மரை எனப் பிரித்தால் தாவுகின்ற மான் வந்து நிற்கிறது. ஒரு சொல் பிரியும்போது வேறு பொருள் தரும் பிரிமொழிச் சிலேடைக்கு இப்படிப்பட்ட சொற்களே அடிப்படை. ஸ்கிராட்ச்சில் எழுத்தைப் பிரித்தெடுக்கும் கட்டளையிடம் தாமரையின் முதலெழுத்தைக் கேட்டால் 'த' மட்டுமே வரும். துணைக்கால் இரண்டாம் எழுத்தாகத் தனியே நிற்கும். கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் உயிர்க்குறிகளுக்குத் தனிக் குறியீடு இருப்பதால், மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்தெழுத்து என்று கணக்குச் சொல்லும். எழுத்துகளைப் படமாக வரைந்து ஏற்றினால் இதைத் தவிர்க்கலாம் என்பது உண்மையே. ஆயினும், உயிர்மெய் ஓரெழுத்து என்று காலையில் படித்த பிள்ளைக்கு மாலையில் கணினி வேறொன்றைக் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அட்டையில் வெட்டிய எழுத்துகளில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. புதுவயலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, ஊர்ப்பெயரில் 'புது' என்ற அட்டையை மெல்ல விலக்கி, 'வயல்' அட்டைக்குக் கீழே பச்சைத்தாள் நாற்றுகளை ஒவ்வொன்றாக நட்டுப் படமெடுத்தாள். சொல் பிரிந்த இடத்தில் பார்ப்பவருக்குப் பொருள் எட்டும்வரை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவள் குழுவே விவாதித்து முடிவு செய்தது. சிலேடையில் கற்க வேண்டியதே அந்த நிதானம்தான்.

உழைப்பு கூடுதல் என்பதை மறுப்பதற்கில்லை. விநாடிக்கு 12 படம் என்றால் இருபது விநாடிக்கு 240 படங்கள் வேண்டும். 6 என்று குறைத்தால் 120 போதும், அசைவு சற்றே துள்ளினாலும் அட்டை எழுத்துக்கு அது அழகாகவே இருக்கிறது. வளவில், அதாவது வீட்டின் திறந்த முற்றத்தில், வைத்து எடுத்தால் வெயில் நகர நகரப் படம் மினுங்கும் என்பதால், அறைக்குள் குழல்விளக்கின் கீழ், கைப்பேசியின் வெளிச்ச அளவை மாறாமல் பூட்டிவைத்து எடுக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானால், பூவேலைப்பாட்டில் எழுத்து மறைந்துவிடாதபடி வெள்ளைச் சார்ட்டை விரித்துக்கொள்வது அவசியம்.

பார்ப்பவர் விடையைத் தட்டச்சு செய்யும் விடுகதைக்கு ஸ்கிராட்ச்தான் சிறந்தது. குரலை மாற்றிப் பதிவதும் அதில் எளிது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பினருடன் எனக்குப் பழக்கம் குறைவு. நிரல் எழுதிப் பழகிய அவர்களுக்கு அதுவே பொருந்தக்கூடும். அப்போதும் எழுத்துகளை அட்டையில் வெட்டிப் படமெடுத்து ஏற்றச் சொல்வேன்.