மனைவியை இத்தாலிய மொழியில் பாராட்டுவது: எட்டு ஆண்டு அனுபவம்

இத்தாலியின் பொலோனியா நகரில் குடியேறி, அந்த ஊர்ப் பெண்ணையே மணந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இத்தாலிய மொழியின் காதல் பாராட்டுகளை அன்றாடம் வீட்டில் சொல்லிப் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கற்பது 'ஸெய் பெல்லா', அதாவது 'நீ அழகி'. பல்லி, வெல்லம் என்று சொல்லி வளர்ந்த நாவுக்கு அந்த இரட்டை லகரம் தானாகவே வந்துவிடும். ஆனால் நாள்தோறும் சொன்னால் அது தேய்ந்துவிடுகிறது. 'ஸெய்' ஒருவரின் இயல்பைச் சொல்கிறது. இன்று இப்போது எப்படித் தோன்றுகிறார் என்பதற்கு 'ஸ்தாய் பேனே' என்பார்கள். ஒரு குளிர்கால மாலையில், வாசற்கண்ணாடி முன்னால் கரும்பச்சை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் "தி தோனா, க்வெஸ்தோ வெர்தே" என்றேன். இந்தப் பச்சை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று பொருள். கையுறை மாட்டப் போனவள் நிறுத்திவிட்டு, மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நீல மஃப்ளர் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

இலக்கணம்தான் கடினம். அழகு என்ற ஒரே சொல் கண்களுக்கு 'பெல்யி ஓக்கி', கூந்தலுக்கு 'பேய் கப்பெல்லி', புன்னகைக்கு 'பெல் ஸொர்ரீஸோ' என்று மாறும். யோசிக்காமல் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அகராதியை நம்பி, நிச்சயதார்த்த உடையில் நின்றவளிடம் 'கரீனா' என்றது பெரிய தவறு. ஒரு கைப்பையைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்பது போன்ற அளவான சொல் அது; அவள் முகம் வாடிவிட்டது.

'தி அமோ', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்', காதலுக்கே உரியது. 'உன்மேல் அன்பாக இருக்கிறேன்' என்ற பொருளில் வரும் 'தி வோலியோ பேனே' என்பதை அம்மாவிடமும் தோழியிடமும்கூடச் சொல்லலாம் என்பதால், காதலைத் தெரிவிக்க அது மட்டும் போதாது.

எனக்கு மிகவும் நெருக்கமானது 'மி பியாச்சி'. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதைப் போலவே, நேசிப்பவரை 'எனக்கு' என்ற வேற்றுமையில் வைக்கும் தொடர் அது. நான் சொந்த ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்கும்போது தொலைபேசியில் அவள் சொல்லும் 'மி மாங்க்கி'யும் அதே அமைப்புதான்: 'நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது'. அதற்கு 'நானும்' என்ற பொருளில் 'ஆங்க்'ஈயோ' என்றே முதல் ஓராண்டு பதில் சொல்லிவந்தேன். அந்த வாக்கியத்தில் எழுவாய் ஏங்குபவர் அல்ல, அருகில் இல்லாதவர்தான் என்பதால், 'நீயும்' என்று, 'ஆங்க்கே தூ' என்றுதான் சொல்ல வேண்டும்.