குறுப்பு வழக்கு ஒலித்தொடர்: சந்தா கட்டிக் கேட்கலாமா?

ஆயுள் காப்பீட்டு முகவராகவே காலம் தள்ளியவன் நான். சுகுமாரக் குறுப்பு வழக்கு என்றால் காது தானாக நிமிர்ந்துவிடும். 1984 ஜனவரியில், கேரளத்தின் மாவேலிக்கரை அருகே எரிந்த அம்பாசிடர் காருக்குள் ஒரு சடலம். அபுதாபியில் வேலை பார்த்த குறுப்பு இறந்துவிட்டதாகக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பெறுவதுதான் திட்டம். செத்தவரோ, வழியில் லிஃப்ட் கேட்டு ஏறிய திரைப்பட விநியோகப் பிரதிநிதி சாக்கோ.

பிரேதப் பரிசோதனைப் பகுதிக்கே சந்தா பணம் தகும். மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை. ஆக, தீ வைப்பதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது. அதை அவசரமில்லாமல் விளக்குகிறார்கள். திட்டத்தில் கூட்டாளியாக இருந்த குறுப்பின் சகலை பாஸ்கர பிள்ளையின் உடம்பிலிருந்த தீக்காயங்கள் அவரைக் காட்டிக்கொடுத்த இடமும் அருமை.

அதன்பின் சறுக்கல். பிள்ளையும் கார் ஓட்டுநர் பொன்னப்பனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். குறுப்பு மட்டும் அகப்படவேயில்லை. இந்த ஒரு வரியை மூன்று அத்தியாயங்களுக்கு இழுத்து, 'அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம்' என்ற வதந்திகளால் நிரப்பியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, தப்பியவனைச் சாகசக்காரனாக்கும் பின்னணி இசை வேறு! சாக்கோவின் மனைவி அப்போது கர்ப்பிணி. அவருக்கு இரண்டே நிமிடம்.

முதல் பாதிக்கு நான்கு நட்சத்திரம், மீதிக்கு ஒன்று. சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.