ஹாம்பர்க் 62-ஆம் எண் படகு: இரண்டு நாளுக்கு இதை நம்பலாமா?

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் இறங்கியதும், "துறைமுகச் சுற்று, ஒரு மணி நேரம்" என்று கூவிக் கூப்பிடுவார்கள். தலைக்குப் பெரும்பாலும் 20 யூரோவுக்கு மேல் ஆகும். அதே மிதவை மேடையின் 3-ஆம் துறையிலிருந்து 62 என்று எழுதிய படகு ஒன்றும் கிளம்புகிறது. அது நகரப் போக்குவரத்தின் ஒரு தடம். ரயிலுக்கும் பேருந்துக்கும் எடுத்த டிக்கெட்டே அதற்கும் செல்லும். சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு மட்டும் வருகிறவர்கள் இந்த 62-ஐ நம்பியே திட்டம் போடலாம். ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் அது போதாது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் படகுகளை நடத்தும் ஹாடாக் நிறுவனம் 1888-இல் தொடங்கியது. பகலில் 15 நிமிடத்துக்கு ஒரு படகு. ஆல்டோனா மீன் சந்தை, டாக்லாண்ட், நொய்மியூலன், பூபெண்டை கரை என்று நின்று ஃபிங்கன்வெர்டர் போய்ச் சேர அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். போகவர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் உட்காருவது என்பதை ஏறும்போதே முடிவு செய்துவிட வேண்டும். போகும்போது வலப்பக்கம் ஊர்: 1896-இல் கட்டிய மீன் ஏலக்கூடம், கப்பல் முனைபோலச் சாய்ந்து நிற்கும் டாக்லாண்ட் கட்டடம், பிறகு மணற்கரையும் பழைய மாலுமி வீடுகளும். இடப்பக்கம் தொழில்: முதலில் புளோம் ப்ளஸ் ஃபாஸ் கப்பல் பட்டறையின் மிதக்கும் பணிமேடைகள், அதற்கப்புறம் வால்டர்ஸ்ஹோஃப் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு இடப்பக்கமே நல்லது. பெரிய கப்பல் ஒன்று பழுதுபார்ப்புக்கு ஏற்றப்பட்டிருந்தால் அதன் அடிவயிறுவரை தெரியும். கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ஓர் ஆற்றில் இதையெல்லாம் பார்க்கிறோம் என்பதுதான் இந்த ஊரின் அதிசயம்.

நேரமும் முக்கியம். படகு மேற்கே போவதால் பிற்பகலில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். ஆனால் திரும்பும்போது அதே வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கின் கண்ணாடிச் சுவர்களும் தேவாலயக் கோபுரங்களும் பொன்னிறமாகத் தெரிவது அப்போதுதான். படம் எடுக்கத்தான் பயணம் என்றால் மாலையில் திரும்பும்படி கிளம்புங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெயில் அடிக்கும் சனி, ஞாயிறு மதியங்களில் மேல்தளத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. காலை 10 மணிக்கு முன்பே போய்விடுவது உத்தமம். விளக்கம் சொல்ல ஆளில்லை, எது எந்தக் கப்பல் என்று நாமேதான் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையிலும் மேல்தளத்தில் காற்று குளிரும், மேல்சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். துறைகளில் படகு நிற்பது ஒரு நிமிடம்கூட இருக்காது. பலகை இறங்குவதற்குள் கதவருகே வந்துவிடுங்கள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்கத் தவறுவது ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற வற்றத்தை. எல்பே ஆற்றில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் இங்கே மூன்றரை மீட்டருக்கும் மேல் மாறும். மிதவை மேடை தண்ணீரோடு ஏறி இறங்கும், கரையோ அசையாது. அதனால் வற்றம் அடிமட்டத்தில் இருக்கும்போது கரையிலிருந்து இறங்கும் பாலம் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால் தண்ணீர் உயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. சாங்க்ட் பவுலி அளவீட்டு நிலையத்துக்கான ஓத நேரங்களை ஜெர்மனியின் கடல்சார் அலுவலகம் இணையத்தில் வெளியிடுகிறது. விடுதி பதிவு செய்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

62 போதாத இடம் ஷ்பைஹர்ஷ்டாட், அதாவது பழைய கிடங்கு நகரம். 1883-இல் கட்டத் தொடங்கிய இந்தச் செங்கல் கிடங்குகளில் காபியும் தேயிலையும் நறுமணப் பொருட்களும் கம்பளங்களும் அடுக்கப்பட்டிருந்தன. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் கால்வாய்களுக்குள் பார்கஸே என்கிற தாழ்ந்த சிறு படகுகள்தான் போக முடியும். காசு கொடுத்துப் படகு ஏறுவதென்றால் இதற்கு ஏறுங்கள். ஆனால் வற்றத்தில் கால்வாய்கள் கிட்டத்தட்ட வறண்டுவிடும்; ஏற்றம் மிகுந்துவிட்டாலோ பாலத்துக்கு அடியில் படகு நுழையாது. அப்போதெல்லாம் படகுக்காரர் பெரிய துறைமுகப் பக்கமாகவே சுற்றிக்காட்டி இறக்கிவிடுவார். 62-இல் டிக்கெட் செலவோடு பார்த்ததையே மறுபடியும் காசு கொடுத்துப் பார்த்ததாகிவிடும். "இந்தப் படகு கிடங்குக் கால்வாய்க்குள் போகுமா?" என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் டிக்கெட் எடுங்கள்.

கட்டணத்துக்கு வருவோம். ஹாம்பர்க் ஏபி என்கிற கட்டண வட்டத்துக்கான நாள் டிக்கெட் ஒன்று போதும். விமான நிலையம், ஃபிங்கன்வெர்டர் இரண்டும் அதற்குள் அடக்கம். கூட்டமாக வந்தால் 5 பேர்வரை செல்லும் குழு டிக்கெட் மலிவு. ஏறுவதற்கு முன்பே இயந்திரத்திலோ செயலியிலோ எடுத்துவிடுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. ஜெர்மனி முழுவதற்குமான மாத டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குப் படகும் அதிலேயே சேர்த்தி.

நாள் டிக்கெட் மறுநாள் காலை 6 மணிவரை செல்லும் என்பதில் ஒரு லாபம் இருக்கிறது. ஞாயிறு மீன் சந்தை கோடையில் காலை 5 மணிக்குத் தொடங்கி 9.30-க்கு முடிந்துவிடும், குளிர்காலத்தில் தொடக்கம் 7 மணி. சனி இரவு ரயில்கள் விடிய விடிய ஓடுவதால், கோடையில் சனிக்கிழமை டிக்கெட்டிலேயே சந்தைக்குப் போய்விடலாம். பெயர்தான் மீன் சந்தை. பழக்கூடை, பூச்செடி என்று எல்லாம் ஏலம் போடுவதுபோல் கூவி விற்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீன் ரொட்டிதான் கிடைக்கும் என்று கவலைப்பட வேண்டாம். ஊரின் இலவங்கப்பட்டை ரொட்டியான ஃப்ரான்ட்ஸ்ப்ரோட்ஷென் எந்த பேக்கரியிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மற்றக் கடைகள் மூடியிருக்கும், வாங்குவதையெல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வழியில் ஒரே இடத்தில் இறங்குவதானால் நொய்மியூலன். துறையை ஒட்டியே பழைய படகுகளின் அருங்காட்சியகத் துறைமுகம், டிக்கெட் இல்லை. அங்கிருந்து மேற்கே மணலில் நடந்தால் "பழைய ஸ்வீடன்காரர்" என்று பெயர் சூட்டிய 217 டன் பாறை வரும். பனியுகத்தில் ஸ்வீடனிலிருந்து பனிப்பாளத்தோடு வந்து, 1999-இல் ஆற்றை ஆழப்படுத்தியபோது அகப்பட்டது.

லாண்டுங்ஸ்ப்ரூக்கனிலேயே 1911-இல் திறந்த பழைய எல்பே சுரங்கமும் உண்டு. நடப்பவர்களுக்குக் கட்டணமில்லை. லிஃப்டில் சுமார் 24 மீட்டர் இறங்கி, 426 மீட்டர் நடந்து அக்கரை ஏறினால் நகரத்தின் முழுத்தோற்றமும் எதிரே விரியும். எல்ப்ஃபில்ஹார்மோனிக்கு 72-ஆம் எண் படகு. அங்கே 37 மீட்டர் உயரப் பார்வைத்தளத்துக்கு அன்றைய இலவசச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. லாண்டுங்ஸ்ப்ரூக்கனிலிருந்து எஸ்1 ரயில் நேரே விமான நிலையம் போகும், ஆனால் ஓல்ஸ்டார்ஃப் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்னாலுள்ள மூன்று பெட்டிகள் மட்டுமே விமான நிலையத்துக்கு. பின்னால் ஏறியவர்கள் பாப்பன்பியூட்டல் போய்ச் சேர்வார்கள். பயணப் பெட்டியோடு நடைமேடையின் முன்பக்கம் போய் நில்லுங்கள்.