இஓஎஸ் யூட்டிலிட்டியின் லைவ் வியூ: நகைப் படம் எடுப்பவரின் மதிப்பீடு

கேனான் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் இஓஎஸ் யூட்டிலிட்டி மென்பொருளைப் பலரும் மெமரி கார்டில் உள்ள படங்களைக் கணினிக்கு மாற்றுவதற்காக மட்டுமே திறக்கிறார்கள். கேமராவைக் கேபிளால் இணைத்து, லென்ஸில் தெரிவதை அப்படியே லேப்டாப் திரையில் காட்டும் லைவ் வியூ சாளரத்துக்காகவே அதை நிறுவிக்கொள்ளலாம் என்பேன். நிக்கான் நிறுவனம் இதே வேலைக்கான கேமரா கண்ட்ரோல் புரோ 2 மென்பொருளை விலைக்கு விற்றது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் பயன்படுத்துவது 2012-இல் அறிவிக்கப்பட்ட 6டி கேமராவும் மிக அருகிலிருந்து எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும், எடுப்பது பெரும்பாலும் நகைகள்.

ஒரு ஜிமிக்கியை அருகிலிருந்து எடுக்கும்போது தோட்டின் கல்லில் ஃபோகஸ் வைத்தால் கீழே தொங்கும் முத்து மங்கிவிடும். தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கேமராவின் பின்புறம் உள்ள 3 அங்குலத் திரையில் இதைச் சரிபார்ப்பது கண்ணுக்குச் சோதனை. லேப்டாப்பிலோ, கல் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, சாளரத்தில் உள்ள அம்புக்குறிகளால் ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தலாம். நகர்வின் அளவு மூன்று வகை; மிகச் சிறியதைத் தேர்ந்தால் கல்லின் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குத் தெளிவு நகர்வதைத் திரையிலேயே பார்க்கலாம். லென்ஸைக் கையால் தொட வேண்டியதில்லை என்பதால் சட்டகம் அசைவதில்லை; ஆகவே ஃபோகஸைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒன்றிணைக்கும் ஸ்டேக்கிங் முறைக்கு இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் லென்ஸின் விசை ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) நிலையில் இருந்தால்தான் அம்புக்குறிகள் வேலை செய்யும். கையால் ஃபோகஸ் செய்வதாக நினைத்து எம்எஃப் (கையால் ஃபோகஸ்) நிலையில் வைப்பதுதான் இயல்பு என்பதால், புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஸ்டுடியோ ஃப்ளாஷ் பயன்படுத்துவோர் இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பு எஃப்/11, ஷட்டர் வேகம் 1/125 நொடி என்று வைத்ததும் லைவ் வியூ ஏறக்குறைய இருண்டுவிடும். ஃப்ளாஷ் வெடிக்கப்போவதை அறியாமல், அறையில் உள்ள வெளிச்சத்தைக் கொண்டே எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தை முன்கூட்டியே காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷன் வசதி கணக்கிடுவதுதான் காரணம். அதை அணைத்தால் திரை வழக்கமான வெளிச்சத்துக்குத் திரும்பும். அடுத்தது, கேமரா மெனுவில் உள்ள, ஓசையைக் குறைத்துப் படம் எடுக்கும் சைலண்ட் ஷூட்டிங். அது இயங்கிக்கொண்டிருந்தால் கேனான் அல்லாத ஃப்ளாஷ்கள் வெடிக்க மாட்டா. இவற்றைச் சரிசெய்த பின்னரும், சாளரத்தில் தெரியும் வெளிச்சத்தையோ, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமையோ நம்பி ஃப்ளாஷின் அளவை முடிவு செய்யக் கூடாது. எடுத்த படம் கணினிக்கு வந்தபின் அதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு இல்லை என்றாலும் செலவு வேறு இடத்தில் வருகிறது. லைவ் வியூ தொடர்ந்து ஓடினால் பேட்டரி விரைவாக இறங்கும்; நாள் முழுதும் படம் எடுப்போர் பேட்டரி அறைக்குள் பொருந்தும் ஏசி அடாப்டரை வாங்கிவிடுவது நல்லது. 6டி-யின் யூஎஸ்பி 2.0 இணைப்புக்குச் சாதாரணக் கேபிளின் எல்லை 5 மீட்டர். மலிவான நீளக் கேபிள்களை வாங்கி இணைப்பு அறுந்துகொண்டே இருப்பதாகப் புலம்புவதில் பொருளில்லை. கேபிளை டிரைபாட் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால், யாராவது தடுக்கினாலும் கேமராவில் கேபிள் செருகும் துளை சேதமாகாமல் தப்பும். நெடுநேரம் லைவ் வியூ ஓடினால் சென்சார் சூடாகும். கேமராவில் வெப்பமானிக் குறி வெள்ளையாகத் தோன்றினால் படத்தின் தரம் குறையலாம் என்று பொருள். சிவப்பானால் லைவ் வியூ தானே நின்றுவிடும். நகையை மாற்றி அடுக்கும் நேரத்தில் சாளரத்தை மூடி வைத்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஆட்களைப் படம் எடுக்க இதைப் பரிந்துரைக்க மாட்டேன். திரையில் தெரிவது சற்றுத் தாமதமாகவே வருகிறது. லைவ் வியூவில் 6டி-யின் தானியங்கி ஃபோகஸும் மெதுவானது. புன்னகை திரைக்கு வந்து சேர்வதற்குள் முகம் மாறியிருக்கும். அங்கே கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் பார்த்து எடுத்துவிட்டு, எடுத்த படங்களைக் கணினியில் காட்டும் வேலையை மட்டும் இந்த மென்பொருளிடம் விடலாம்.